மறைக்க வேண்டியது எது?

அல்லாஹ் காப்பாற்றுவானாக! ஒரு பெண் பலாத்காரத்திற்கு ஆளாகிவிட்டால், வீட்டார் முதலில் கதவைச் சாத்துகிறார்கள். அவளைக் குளிப்பாட்டுகிறார்கள். வெளியே மூச்சு விடக்கூடாது என்கிறார்கள். இதற்கு 'ஸத்ரு' என்று மார்க்கப் பெயரும் சூட்டிவிடுகிறார்கள்.

ஸத்ரு என்பது பிறர் செய்த பாவத்தை மறைப்பது. இவள் செய்த பாவம் என்ன? நிர்ப்பந்திக்கப்பட்டவள் மீது குற்றமில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில், தொழுகைக்குச் சென்ற வழியில் இந்தக் கொடுமைக்கு ஆளான பெண்மணி கூச்சலிட்டு ஆட்களைக் கூட்டினார். அவருக்கு எந்தத் தண்டனையும் விதிக்கப்படவில்லை என்று திர்மிதீயில் காண்கிறோம்.

எச்.ஐ.வி. கிருமி உடலில் புகுந்திருந்தாலும், அது நிலைகொள்ளுமுன் தடுக்க மாத்திரை உண்டு. 72 மணி நேரத்திற்குள் தொடங்கி, 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது மிக நல்லது. மூன்று நாள் கழிந்தபின் பலன் இல்லை. நோயாளியின் ஊசி கையில் குத்திவிட்ட நர்ஸுக்குக் கொடுப்பதும் இதே சிகிச்சைதான். அந்த நர்ஸின் மானத்தைப் பற்றி யாராவது பேசுகிறோமா?

மேச்சேரிக்காரர்களுக்கு மேட்டூர் அரசு மருத்துவமனை எட்டாத தூரமல்ல. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை இருக்கிறது. 2012 டில்லிக் கொடுமைக்குப் பின் 2013-ல் வந்த சட்டப்படி, தனியார் மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் தண்டனை உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களிலும் அது அப்படியே இருக்கிறது. முதலில் போலீஸில் புகார் எழுதிவிட்டு வா என்று திருப்பி அனுப்ப முடியாது. மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் தரும், உண்மைதான். அதற்கு அஞ்சி மகளின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

குளிப்புக் கடமையாயிற்றே என்பார்கள். கடமைதான், ஆனால் அந்த நிமிடமே குளித்தாக வேண்டும் என்று ஷரீஅத் சொல்லவில்லை. தொழுகை நேரம் தவறாமல் குளித்தால் போதும். உடலிலும் உடையிலும் உள்ள தடயத்தை டாக்டர் எடுத்துக்கொள்ளட்டும். பெண் டாக்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆண் டாக்டர் பார்ப்பதை நிர்ப்பந்தம் ஆகுமாக்கிவிடுகிறது.

ரமளானாக இருந்தால் முதல் மாத்திரையை மஃரிபு வரை தள்ளிப் போடக்கூடாது. அன்றைய நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம். மறுநாளிலிருந்து, தினம் ஒரு வேளை மாத்திரையாக இருந்தால், டாக்டரைக் கேட்டு இஃப்தார் நேரத்தில் சாப்பிடலாம்.

கூட்டுக் குடும்பத்தில் 28 நாட்களும் ஒரு பெண் மாத்திரை விழுங்கினால், என்ன நோய் என்று நாத்தனார் முதல் அடுத்த வீட்டுக்காரி வரை கேட்பார்கள். தாய்மார்களே, உங்கள் மறைப்பை அங்கே காட்டுங்கள். மாத்திரை முடிந்தபின்னும் சில மாதங்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். அந்தப் பஸ்ஸில் அவளைத் தனியாக அனுப்பாதீர்கள்.