கோசாரப் பலனின் கால எல்லையும் அறப்பொறுப்பும்

முன்னுரை

கோள்கள் இராசி மாறுவதனால் மனித வாழ்வில் விளைவதாகக் கூறப்படும் பயனைச் சோதிட நூலார் கோசாரப் பலன் என்பர். அப்பலன் உண்டா, இல்லையா என்னும் வழக்கு மிகப் பழையது. அது எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது அதனின் வேறான வினா. துன்புறும் ஒருவர் சோதிடரை நாடும்போது பெரிதும் அறிய விரும்புவது, தம் துன்பம் எப்போது தீரும் என்பதையே ஆகும். அவருக்குக் கிடைக்கும் விடை உண்மையில் எதனை அளக்கிறது, அதனை எவர் எதற்குப் பயன்கொள்ளலாம் என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கால அளவின் அடிப்படை

கோசாரத்தின் கால அளவு கோளின் இயக்கத்திலிருந்து பெறப்படுவது. சனி வான்வட்டத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. எனவே ஓர் இராசியில் அது தங்குவது ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. சந்திரன் நின்ற பிறப்பிராசி, அதன் முன் இராசி, பின் இராசி ஆகிய மூன்றையும் சனி கடக்கும் காலமே ஏழரைச் சனி. இதனையே வடபுலத்தார் 'சாடே சாதி' என வழங்குவர். இரு மொழியிலும் பெயர் எண்ணாலேயே அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. இவ்வாறே வியாழனுக்கு ஏறத்தாழ ஓராண்டும், இராகு கேதுக்களுக்கு ஒன்றரை ஆண்டும், சந்திரனுக்கு இரண்டேகால் நாளும் இராசி தோறும் அமைகின்றன.

தங்கும் காலம் முழுவதும் பலன் நிகழுமா என்னும் ஐயமும் பண்டே எழுந்துள்ளது. வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் ஞாயிறும் செவ்வாயும் இராசியுள் புகும்போதும், வியாழனும் வெள்ளியும் இடைப்பகுதியிலும், திங்களும் சனியும் நீங்கும்போதும், புதன் எக்காலத்தும் பலன் தரும் என வகுக்கிறார். தங்கும் காலம் வேறு, பயன்படும் காலம் வேறு என்பது இதனால் பெறப்படும்.

இரு கணிதமும் ஒரு வாழ்வும்

இவ்வளவும் இயக்கம் பற்றியன. அவ்வியக்கத்தைக் கணிப்பதிலேயே வேறுபாடு தோன்றுமாயின் என் செய்வது? வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாய்பாடுகளின்வழிக் கணிக்கப்படுவது. திருக்கணிதப் பஞ்சாங்கம் வானில் கோள் காணப்படும் நிலையோடு ஒத்துவருமாறு கணிக்கப்படுவது. திருக்கணிதப்படி சனி மகரத்தினின்று கும்பத்துக்கு 2022 ஏப்ரல் இறுதியில் பெயர்ந்து, பின்னோக்கிய நகர்வால் அவ்வாண்டு சூலையில் மகரத்துக்கே மீண்டு, 2023 சனவரி 17 அன்று மறுபடியும் கும்பம் புகுந்தது. வாக்கிய முறையைப் பின்பற்றும் திருநள்ளாற்றுத் திருக்கோயிலில் அதே பெயர்ச்சி விழா 2023 திசம்பர் 20 அன்று நிகழ்ந்தது.

தனுசு இராசியில் பிறந்த ஒருவரை எண்ணுக. ஒரு கணக்கின்படி அவருடைய ஏழரைச் சனி சனவரியில் முடிந்தது; மற்றொன்றின்படி திசம்பரில் முடிந்தது. இடைப்பட்ட பதினொரு திங்களில் அவர் துன்புற்றாரா, விடுதலை பெற்றாரா? கோளின் இருப்பிடம் குறித்து இவற்றுள் எது சரி என்பதை வானியல் கூறிவிடும். பலன் எந்நாளில் ஓய்ந்தது என்பதை வானியல் கூறாது. அவர்தம் வாழ்க்கையும் கூறுவதில்லை. பலனின் எல்லை வாழ்வில் தெளிவுறக் காணத்தக்கதாயின், இவ்விரு கணக்குகளுள் ஒன்று என்றோ வழக்கொழிந்திருக்கும். இரண்டும் நிலைத்திருப்பதே ஓர் உண்மையைக் காட்டுகிறது: இவ்வெல்லை துன்பத்துக்கு மனிதன் விதித்துக்கொண்ட தவணை எனலாம்.

தவணையின் பயனும் தீங்கும்

தவணை என்பதனாலேயே அது பயனற்றதாகிவிடாது. எல்லை அறியாத துன்பத்தினும் எல்லை அறிந்த துன்பம் பொறுத்தற்கு எளிது. சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முற்பிறப்பின் வினையைக் காரணமாகக் காட்டுவதோடு நில்லாமல், பதினான்கு நாளில் கணவனைக் காண்பாள் என்று காலமும் குறிக்கிறது. காரணம் அவள் அறிவுக்கு உரியது. காலமே அவள் நடந்து செல்லத் துணையாவது. இழப்புற்ற ஒருவர் 'இன்னும் ஓராண்டு' எனத் தம்மைத் தேற்றிக்கொள்வதனை இகழ்தற்கு எவர்க்கும் உரிமையில்லை.

ஆயின் அதே தவணை பிறர் கைக்கு மாறும்போது அதன் இயல்பு திரிகிறது. தொழிலில் நேர்ந்த இழப்புக்கு மணமகள் 'வந்த வேளை'யைக் காரணமாக்கும் குடும்பமும், உரிய மருத்துவத்தைப் பெயர்ச்சி வரை தள்ளிவைக்கும் உறவினரும், நேரம் சரியில்லை எனக் கூறிக் கடனைத் திருப்பித் தாராதவரும் கோளின் காலத்தைத் தம் கடமையின் விடுமுறையாக ஆக்கிக்கொள்கின்றனர். இங்குத் தவணை பெறுபவர் ஒருவர். அதன் சுமையைத் தாங்குபவர் வேறொருவர்.

இவ்வேறுபாட்டைச் சங்கச் சான்றோர் உணர்ந்திருந்தனர். புறநானூற்று 117ஆம் பாடலில் கபிலர், சனி புகைந்தாலும் வால்மீன் தோன்றினாலும் வெள்ளி தென்றிசை ஓடினாலும் பாரியின் நாட்டில் மழை பிழைத்ததில்லை என்றும், அதற்குக் காரணம் அவன் கோலின் செம்மை என்றும் பாடுகிறார். வானத்துத் தீக்குறிகளைக் கபிலர் மறுத்தாரல்லர். அவற்றைக் காட்டி அரசன் தன் பொறுப்பினின்று நழுவ இடந்தரவில்லை என்பதே கருதத்தக்கது.

முடிவுரை

கோசாரத்தின் கால அளவு கோளின் இயக்கத்தை அளக்கிறது. அதனைப் பலனின் எல்லையாகக் கொள்வது மனித வழக்கு. அவ்வழக்கை அறநோக்கில் மதிப்பிட, அதனைச் சொல்பவர் யார் என்று வினவுதல் வேண்டும். துன்புறுவோர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளுமிடத்து அது ஆறுதல். அத்துன்பத்தை நீக்கக் கடமைப்பட்டோர் சொல்லுமிடத்து அது அறத்தின் வழுவே ஆகும்.