பின்னால் தள்ளியவர்கள்

புனேயில் ஏரவாடா மெட்ரோ நிலையம் திறந்த நான்காம் மாதம், 2024 டிசம்பரில், அப்பா ஊரிலிருந்து வந்து என்னோடு சில வாரம் தங்கினார். வந்த மறுநாளே கேட்டார்: “பூனா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது இந்த ஏரவாடா ஜெயில்லதான?” ஆமாம் என்றேன். 1932 செப்டம்பர் 24. அம்பேத்கரோடு நம் பக்கத்து எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அதில் கையெழுத்திட்டவர்கள். அந்த இரண்டு பெயரையும் அப்பா ஒருமுறை தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “சரி, இங்க பாக்கறதுக்கு ரயில் ஏதாச்சும் இருக்கா?” என்றார்.

அப்பா தெற்கு ரயில்வேயில் டிராலிமேனாக இருந்தவர். இந்த வேலையைப் பற்றி இன்று விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு இரும்புச் சக்கரத்தின் மேல் ஒரு மரப் பலகை, அதன்மேல் ஒரு பெஞ்சு. பாதை ஆய்வாளர் அதில் உட்கார்ந்து ஜல்லியையும் இணைப்புத் தகடுகளையும் பார்த்துக்கொண்டே போவார். பின்னால் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு தண்டவாளத்தின் மேல் ஓடியபடி தள்ளுவார்கள். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள், வேகம் குறைந்ததும் மறுபடி இறங்கி ஓடுவார்கள். எதிரே ரயில் வரும் நேரமானால் எல்லோருமாக டிராலியைத் தூக்கி ஓரத்தில் வைக்க வேண்டும். தண்டவாளத்தின் தலைப்பகுதி உள்ளங்கை அகலம்கூட இருக்காது. செருப்பு வழுக்கும், வெறுங்கால்தான் பிடிப்புக் கொடுக்கும் என்பார் அப்பா. விருத்தாசலம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அந்த இரும்பு எப்படிச் சுட்டிருக்கும் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அவருடைய கால் கட்டைவிரல் மற்ற விரல்களை விட்டுத் தனியே விலகி நிற்கும். சின்ன வயதில் எல்லா அப்பாக்களின் காலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

முதலில் கோத்ரூடிலுள்ள ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். பாவ் ஜோஷி என்ற ரயில் பித்தர் ஆயுள் முழுக்கச் சேர்த்த கனவு அது. 1998 ஏப்ரல் 1 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. விளக்கை அணைத்ததும் ஒரு குட்டி நகரம் விழித்துக்கொள்கிறது. சிக்னல் மாறுகிறது, ரயில்கள் ஒன்றையொன்று கடந்து போகின்றன, குழந்தைகள் கூவுகிறார்கள். அப்பாவும் வாய்விட்டுச் சிரித்தார். வெளியே வந்த பிறகு, “எவ்ளோ அழகா லைன் போட்டிருக்காங்க. இத தினமும் யாரு துடைச்சுப் பாத்துக்கறாங்க?” என்றார். அவருக்கு எப்போதும் முதலில் எழும் கேள்வி அது.

அடுத்த வாரம் மாதேரான் மலைவாசத்தலம். அதிகாலை ரயிலில் கர்ஜத் போய், அங்கிருந்து லோக்கலில் நேரல். நேரலில் நிற்கும் குட்டி ரயிலின் பாதை இரண்டடி அகலம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலையும் விரல்நுனியையும் ஒட்டி ஒட்டி வைத்து அதை அளந்து பார்த்தார். சர் ஆதம்ஜி பீர்பாயின் பணத்தில் அவர் மகன் அப்துல் ஹுசேன் கட்டிய பாதை இது; 1904இல் தொடங்கி 1907இல் முடிந்தது. முதலில் ஓடிய நீராவி இன்ஜின்களில் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று கடல் கடந்து இங்கிலாந்து போய்விட்டது. இப்போது டீசல்தான். சுமார் 20 கிலோமீட்டர் ஏற இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வளைவுகளில் முன்பெட்டியில் இருப்பவர் பின்பெட்டியில் இருப்பவருக்குக் கையசைக்கிறார். 2005 வெள்ளத்தில் பாதை அரித்துப்போய் ஏறக்குறைய இரண்டு ஆண்டு ரயில் நின்றது. 2019 மழைக்குப் பின் மறுபடி நின்று, 2022 அக்டோபரில்தான் முழுப் பாதையும் திரும்ப ஓடியது. ஒவ்வொரு தடவையும் யாரோ மண்ணை வெட்டி, கல்லை அடுக்கி, இந்த இரண்டடியை மீட்டிருக்கிறார்கள். ஓரத்தில் கடப்பாரையோடு ஒதுங்கி நின்ற கேங்மேன்களுக்கு அப்பா ஒருத்தரையும் விடாமல் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார்.

மாதேரானில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காற்று சுத்தம், சத்தம் கிடையாது, செம்மண் பாதை. அதற்காகத்தான் கூட்டம் வருகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒருவர், “காகா, பசா” (உட்காருங்க) என்று கைரிக்‌ஷாவைக் காட்டினார். முன்னால் ஒருவர் இழுக்க, பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்னும் ஆள். அப்பாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியாது என்று தெரிந்தும் அவர் ஏறவில்லை. வண்டியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். பிடித்துப் பிடித்து மரம் தேய்ந்து, ஆள் கைக்குத் தக்கபடி பள்ளம் விழுந்திருந்தது. பிறகு அந்த மனிதரின் காலைப் பார்த்தார்.

“செருப்புப் போட்டிருக்கான். மண்ணுதான, பரவால்ல.”

சற்று தூரம் நடந்து ஒரு கல்லில் உட்கார்ந்தோம். “நாம ஏறாததால அவனுக்கு இன்னிக்கி ஒரு சவாரி போச்சுப்பா” என்றார். என்னிடம் பதில் இல்லை. ஏறியிருந்தாலும் மனசு ஆறாது. ஏறாததாலும் அந்த வண்டிக்காரர் வீட்டு அடுப்பு எரியப்போவதில்லை.

அந்தக் கைரிக்‌ஷாக்காரர்கள் தங்களுக்கு மின்ரிக்‌ஷா வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தவர்கள். மொத்தமே 94 உரிமக்காரர்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஊரின் பழமையும் அமைதியும் கெடும் என்ற எதிர்ப்பும் இருந்தது. கடைசியில் 2025 ஆகஸ்ட் 6இல், மனிதனை மனிதன் இழுக்கும் இந்த வழக்கம் மனித கண்ணியத்துக்கு விரோதமானது, ஆறு மாதத்துக்குள் நிறுத்துங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. செய்தியைப் படித்ததும் ஊருக்குப் போன் செய்து சொன்னேன். “அவங்களுக்கே வண்டி குடுப்பாங்களா?” என்றுதான் அப்பா கேட்டார்.

நான் பாரம்பரிய ரயில்களுக்கு எதிரி அல்ல. நேசிக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று நாம் உட்கார்ந்து யோசித்ததே இல்லை. கொல்கத்தாவில் 1938இல் கட்டிய டிராம் ஒன்றை ‘ஸ்மரணிகா’ என்ற அருங்காட்சியகமாக்கி 2014இல் எஸ்பிளனேடு டிப்போவில் திறந்தார்கள். பத்தே ஆண்டில், மைதானத்தை ஒட்டிய ஒரு சிறு பாதை தவிர மற்ற டிராம் தடங்களை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. பெட்டி பத்திரமாக இருக்கிறது. அதை ஓட்டவும், மேல்கம்பியைச் சரிசெய்யவும், தெருவில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளவும் தெரிந்த கைகள் ஓய்வு பெற்றுப் போனால், அந்தக் கைத்திறனை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது?

நீலகிரியில் அந்தக் கைகள் இன்னும் வேலை செய்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் வழியில் பல்சக்கரப் பாதை. 1899இல் ரயில் ஓடத் தொடங்கி, 1908இல் உதகை வரை நீண்டது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏறும் அந்தச் சரிவில் இன்ஜின் பெட்டிகளை இழுப்பதில்லை, கீழிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்திண்ணையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். பின்னாலிருக்கும் டிரைவருக்கு அவர்கள்தான் கண். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த எக்ஸ் வகை இன்ஜின்கள் தேய்ந்தபோது, நம் பொன்மலைப் பணிமனையே புதிதாகச் செய்து கொடுத்தது. ஓய்வு பெற்ற கையோடு அப்பா அந்த ரயிலில் போனார். எல்லோரும் பள்ளத்தாக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வழிநெடுக பிரேக்ஸ்மேனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதேரானிலிருந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கர்ஜத்தில் எங்கள் ரயில் நின்றது. அங்கிருந்து லோனாவாலா வரை போர் காட் என்ற மலை ஏற்றம். அந்தப் பாதையை முதலில் போட்டபோது, 1861 வாக்கில், 40,000 பேருக்கு மேல் அந்த மலையில் கல் உடைத்தார்கள். காலராவிலும் வெடியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859இல் வந்து சில வாரங்களிலேயே இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் பொறுப்பேற்று வேலையை நடத்தினார். 1863இல் பாதை திறந்தது. டிரெட்வெல் தம்பதியின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. நான் இதைச் சொல்லி முடித்ததும் அப்பா, “மத்தவங்க பேரு?” என்றார். கூலிப் பட்டியலில் எழுதியிருப்பார்கள் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ரயிலின் வாலில் பேங்கர் இன்ஜின்களைக் கோத்தார்கள். ஏற்றத்துக்கு முன்னாலிருப்பது மட்டும் போதாது. பெட்டி ஒருமுறை லேசாக முன்னுக்கு அதிர்ந்தது. அரைத் தூக்கத்தில் இருந்த அப்பா கண் விழித்து, இரண்டு காலையும் செருப்பிலிருந்து எடுத்துத் தரையில் அழுந்த ஊன்றிக்கொண்டார்.

“பின்னால தள்ள ஆரம்பிச்சுட்டாங்க” என்றார்.