கடலை எல்லையாகக் கொள்ளுதல்

மனிதர் குடியிராத தீவுகளின் உயிர்களைக் காண்பதற்காகவே இரண்டு மூன்று நாள் பயணம் செல்வது அறத்தின்படி எத்தகைய செயல் என்ற கேள்விக்கு, காட்டுயிர்ச் சட்டங்களில் உள்ளதைவிட நுட்பமான விடை சமண இல்லறத்தாருக்கு வகுக்கப்பட்ட விரதங்களில் இருக்கிறது. கடற்கரையே இல்லாத கள்ளக்குறிச்சி மாவட்டத்தை முன்வைத்து இதைப் பேசுவது பொருந்தாததாகத் தோன்றலாம். ஆனால் அம்மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டை வட்டத்திலுள்ள திருநறுங்கொண்டைக் குன்றில், பார்சுவநாதர் அப்பாண்டைநாதர் என்னும் பெயரில் இன்றும் வழிபடப்படுகிறார். பயணத்துக்கு எல்லை வகுப்பதை ஒரு நோன்பாகவே கருதிய மரபு அவ்வட்டாரத்துக்குப் புதியதன்று.

சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அதன்வழித் தமிழில் தோன்றிய அருங்கலச்செப்பும் விளக்கும் அந்நோன்புகளில் மூன்று இங்கே கருதத்தக்கவை. வைப்புமுறை நூலுக்கு நூல் வேறுபட்டாலும் கருத்து மாறுவதில்லை. எல்லாத் திசைகளிலும் இன்ன இடத்துக்கு அப்பால் செல்வதில்லை என்று வாழ்நாள் முழுமைக்கும் வரம்பு கட்டிக்கொள்வது திக்கு விரதம். கடல், ஆறு, காடு, மலை ஆகியவை அவ்வரம்பின் அடையாளங்கள். அந்தப் பரப்புக்குள்ளேயே ஒரு நாளுக்கோ ஒரு மாதத்துக்கோ மேலும் குறுகிய வரம்பை ஏற்பது தேச விரதம். பயனின்றி இழைக்கும் தீங்கை விலக்குவது அனர்த்ததண்ட விரதம். அவ்வகைத் தீங்குகளுள் வீணாக நிலத்தைத் தோண்டுவதோடும் செடிகொடிகளை வெட்டுவதோடும் சேர்த்து, காரணமின்றித் திரிவதும் பிறரைத் திரியச் செய்வதும் எண்ணப்படுகின்றன. (பயண முகவர்களுக்கும் அந்தப் பட்டியலில் இடமுண்டு என்பது இன்றைய வாசகருக்குச் சிறு புன்னகையைத் தரக்கூடும்.)

திக்கு விரதத்துக்குக் கூறப்படும் காரணம் வியப்புக்குரியது. உழவும் வாணிகமும் அடுப்பெரிப்பும் இல்லாமல் இல்லறம் நடவாது என்பதால், இல்லறத்தாரால் நுண்ணுயிர்களுக்கு ஊறு நேராமல் வாழ இயலாது. எனவே அவருக்குச் சிறுவிரதங்களே விதிக்கப்பட்டன. ஆயினும் வரம்புக்கு அப்பால் அவர் எதையுமே செய்வதில்லை ஆதலால், அந்த வெளியைப் பொறுத்தவரை அவருடைய சிறுவிரதம் துறவியின் மாவிரதத்துக்கு நிகராகிறது. தம் ஊரில் இல்லறத்தாராக இருப்பவர், தாம் போகாத இடமெங்கும் போகாமையாலேயே துறவியாகிறார்.

இது விரதியின் வினையைக் குறைக்க வகுக்கப்பட்டதே தவிர, அப்பாலுள்ள உயிர்களைக் காக்க வகுக்கப்பட்டதன்று என்ற மறுப்பு சரியானதே. எனினும் தீவு என்னும் நிலவகை அந்த வேறுபாட்டை ஏறத்தாழ அழித்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் உள்ளடங்க 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும், சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டதை ஒட்டி, கடலுக்குள் மறைந்துவிட்டன. மணல்திட்டில் முட்டையிடும் ஆலாக்கள் மனிதரைக் கண்டு எழுந்து பறந்தால், நிழலற்ற வெயிலில் முட்டை வெந்துபோகவோ காகத்துக்கு இரையாகவோ சில நிமிடங்களே போதும். மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு ஆழம் குறைந்த நீரில் கடற்புல் மேய்வதால் விசைப்படகின் சுழல்விசிறிக்கு எளிதில் தப்புவதில்லை. அந்தமானைச் சேர்ந்த நார்கொண்டம் தீவு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது. அங்கு வாழும் இருவாச்சி இனம் உலகில் வேறெங்கும் இல்லை. அத்தகைய இடத்தில் கலைக்கப்பட்ட உயிருக்கு ஒதுங்க இன்னொரு காடு கிடையாது.

இதனோடு அபயதானம் என்ற கருத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். பிற உயிர்க்கு அச்சமின்மையை அளிப்பது தானங்களுள் உயர்ந்தது என்பர். தொலைத்தீவுகளின் பறவைகள் பல மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. ஆனால் அந்த அஞ்சாமையை அவற்றுக்கு எவரும் அளிக்கவில்லை, அஞ்சக் கற்கும் தேவை அவற்றுக்கு நேரவில்லை என்பதே உண்மை. மொரீசியசு தீவின் டோடோ அத்தகையது. 1598-இல் டச்சுக்காரர்கள் கரையிறங்கியபின் ஒரு நூற்றாண்டுக்குள் அந்த இனமே இல்லாமற்போயிற்று. பறவை அருகே வந்து நின்றது என்று மகிழும் பயணி, தாம் கொடுக்காத ஒன்றைச் செலவு செய்கிறார்.

தமிழ்ச் சமய மரபு தீவுப் பயணத்தை ஒட்டுமொத்தமாக விலக்கியது என்று இதற்குப் பொருளில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலை மணிபல்லவத் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டது பழம்பிறப்பை உணர்வதற்காக. கலமுடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவன் அங்குள்ளோருக்குக் கொல்லாமையைக் கற்பித்தான். ஆனால் அவ்விருவரில் எவரும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. காணாதவர்க்கு அன்பு பிறக்காது, அன்பில்லாதவர் காக்க முன்வரமாட்டார் என்ற இக்கால வாதம் வலுவானதுதான். ஆயினும் காணும் ஒவ்வொருவரும் காவலராகிவிடுவதில்லை என்பதற்குக் கல்வராயன் மலையே சான்று. 1976 வரை மூன்று ஜாகீர்களாகத் தனித்திருந்த அம்மலையின் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் இன்று விடுமுறை நாள்களில் திரள்வோரில், மலையாளிப் பழங்குடியினரின் காட்டைக் குறித்து ஏதேனும் தெரிந்துகொண்டு இறங்குவோர் சிலரே. அங்கே விலங்குகளுக்கு அடுத்த சரிவாவது இருக்கிறது.

ஆகவே அறத்தின் சுமை, படகில் ஏறிய பின்னர் நடந்துகொள்ளும் முறையைவிட, பயணத்தைத் திட்டமிடும் வேளையிலேயே மிகுதியாக விழுகிறது. எல்லையை முன்கூட்டியே வகுக்காதவருக்கு அதை மீறுகிறோம் என்ற உணர்வே எழாது. தீவில் கால்வைக்காமல் தனுஷ்கோடிக் கரையில் நின்றே வலசைப் பறவைகளைப் பார்ப்பது என்று முடிவு செய்பவர், தம்மை அறியாமலே தேச விரதம் ஒன்றை ஏற்கிறார். அவ்விரதத்துக்கு நூல்கள் கூறும் வழுக்கள் ஐந்து: வரம்புக்கு அப்பாலிருந்து பொருளை வரவழைத்தல், அப்பால் ஆளை அனுப்புதல், குரலெழுப்புதல், தன் உருவத்தைக் காட்டுதல், கல் முதலியவற்றை எறிதல். வரம்பு தாண்டாமலே தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ள முயலும் வணிகரைத் தடுக்க இவை எழுதப்பட்டிருக்கலாம். எனினும் சங்கும் பவளத்துண்டும் எடுத்துவரச் சொல்வது, டிரோனைப் பறக்கவிடுவது, பறவை எழட்டும் என்று கைதட்டுவது, ஒளிப்படத்துக்காக எழுந்து நிற்பது, தீனி வீசுவது ஆகிய ஐந்தும் அதே வரிசையில் வந்து நிற்கின்றன. திக்கு விரதத்தின் வழுக்களிலோ, ஒரு திசையில் விட்டுக்கொடுத்த தொலைவை இன்னொரு திசையில் கூட்டிக்கொள்வதும், வகுத்த வரம்பை மறந்துவிடுவதும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்று படகோட்டியிடம் கேட்பது இவ்விரண்டில் எதில் அடங்கும் என்பது கேட்பவரின் நினைவைப் பொறுத்தது.