ஆசிரியரின் ஆடையும் அரசின் அளவுகோலும்

இலங்கையின் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி ஏறி நின்ற 2022ஆம் ஆண்டு அது. அந்த நவம்பரில் அந்நாட்டின் சில பாடசாலைகளுக்கு ஆசிரியைகள் சிலர் சேலை உடுத்தாமல் வந்தார்கள். எளிய, உடலை மூடிய, அன்றாடம் தோய்த்துக் கட்டத்தக்க உடைகள்தான் அவை. அந்தக் கோலத்தில் படமெடுத்துச் சமூக ஊடகங்களில் பகிர்ந்ததும் நாடு இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. பொருளாதார நெருக்கடி காரணமாக அரசு ஊழியர்கள் கண்ணியமான சாதாரண உடையில் அலுவலகம் வரலாம் என்று பொது நிர்வாக அமைச்சு சில வாரங்களுக்கு முன்புதான் சுற்றுநிருபம் விட்டிருந்தது. கல்வி அமைச்சோ ஆசிரியைகளுக்குச் சேலைதான், அதில் மாற்றமில்லை என்று அறிவித்தது. எழுதுவினைஞருக்குக் கிடைத்த சலுகை ஆசிரியைக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்குப் பண்பாடு என்ற ஒரே பதில்தான் வந்தது. வரிசையில் நின்று எரிபொருள் வாங்கிய ஒரு சமூகம், அந்த வரிசையில் நின்ற ஆசிரியையின் உடலில் ஐந்தரை மீட்டர் துணி இருக்கிறதா என்று கணக்குப் பார்த்தது மனத்தை உறுத்துகிறது. இதில் முடிவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆசிரியர் தூய்மையாகவும் கண்ணியமாகவும் வேலைக்குத் தோதாகவும் உடுத்தி வர வேண்டும் என்று கேட்க அரசுக்கு உரிமை உண்டு. இன்ன துணியைத்தான் உடுத்த வேண்டும் என்று பெயர் சொல்லிக் கட்டளையிட, அதுவும் பெண்ணின் துணியை மட்டும் குறிவைத்துக் கட்டளையிட, உரிமை இல்லை.

இது இலங்கையோடு நின்றுவிட்ட நோயும் அல்ல. 2023 மே மாதம் அசாம் பள்ளிக் கல்வித் துறை ஆசிரியர்களுக்கு ஜீன்ஸ், டி-ஷர்ட், லெகிங்ஸ் கூடாது என்று உத்தரவிட்டது. ஆண்களுக்குச் சட்டை, பேன்ட். பெண்களுக்குச் சேலை, சல்வார் அல்லது அசாமின் மரபு உடையான மேகலா சாதர். நிறமும் கண்ணைப் பறிக்கக் கூடாது. 2024 மார்ச்சில் மகாராஷ்டிரம் இன்னும் நுணுக்கமாகப் போய்ச் சட்டையை பேன்ட்டுக்குள் செருக வேண்டும், அடர்நிறமோ படம் அச்சிட்ட துணியோ வேண்டாம், சுடிதார் என்றால் துப்பட்டா இருக்க வேண்டும் என்று எழுதியது. இந்த உத்தரவுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. ஆணுக்கு விதிக்கப்படும் சட்டையும் பேன்ட்டும் வெள்ளைக்காரன் அலுவலகத்தில் அணிந்த உடை. அதை மரபுக்கு விரோதம் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை. மரபைச் சுமந்து நடக்கும் வேலை முழுதும் பெண்ணின் தோளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரே பள்ளியில், ஒரே சம்பளத்தில், ஒரே பாடத்தை நடத்தும் இருவரில் ஒருவர் காலத்துக்கேற்ற ஊழியராகவும் மற்றவர் பண்பாட்டின் காட்சிப் பொருளாகவும் நிற்க வேண்டுமென்றால், அந்த விதி தொழிலுக்காக எழுதப்பட்டது என்று நம்ப இடமில்லை.

தொழில் எதைக் கேட்கிறது என்று பார்த்தால் விடை சுற்றறிக்கைகளுக்கு எதிராகவே வருகிறது. வேதியியல் ஆய்வகத்தில் சுடர் எரியும் மேசைக்கு மேல் குனிபவருக்கு முந்தானையும் துப்பட்டாவும் ஆபத்து. அங்கே வேண்டியது உடலோடு ஒட்டிய உடையும் அதன்மேல் ஒரு பருத்தி மேலங்கியும். உடற்கல்வி ஆசிரியை ஓட வேண்டும், குதித்துக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்கள் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, பாடி, ஆடி, பொம்மை பிடித்துப் பாடம் நடத்துகிறார்கள். மேசைக்குப் பின்னால் நாற்காலியில் அமர்ந்திருந்த காலத்தின் உடையை, தரைக்கு இறங்கிவந்த கல்விக்கும் அப்படியே நீட்டிப்பது எந்த நிர்வாக அறிவு? பேருந்து போகாத ஊர்ப் பள்ளிக்கு இருசக்கர வண்டியில் போகும் ஆசிரியைக்குச் சக்கரத்தில் சிக்கும் தலைப்பு உயிர்ப் பிரச்சினை. சேலை எல்லோருக்கும் தொந்தரவு என்பதல்ல வாதம். அதைக் கட்டிக்கொண்டே வயல் வேலை செய்த பெண்களின் நாடு இது. தோதா, தொந்தரவா என்பதை உடுத்துகிறவர்தான் சொல்ல முடியும், அதைக் கல்வித் துறைச் செயலாளரால் சொல்ல முடியாது.

நம் முன்னோர் ஆசிரியரை எப்படி அளந்தார்கள் என்று கேட்டால் சான்றுக்குப் பஞ்சமில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியரின் இலக்கணத்தைப் பட்டியலிடுகிறார். அருள், கடவுள் பற்று, கற்ற கலைகளில் தெளிவு, எடுத்துச் சொல்லும் வன்மை, உலகியல் அறிவு எல்லாம் வருகின்றன. நிலமும் மலையும் தராசும் மலரும் உவமையாகின்றன. குலத்தைக்கூட அவர் சேர்த்துவிட்டார் (இன்றைக்கு அதை நாம் ஏற்க மாட்டோம்), ஆனால் உடையைச் சேர்க்கவில்லை. ஆசிரியராகத் தகாதவரைச் சொல்லும்போதும் மடல் அடர்ந்து ஏறவிடாத பனையையும், வளைந்துபோய் அடுத்தவர் தோட்டத்தில் காய் உதிர்க்கும் தென்னையையும் காட்டுகிறாரே தவிர, துணியைப் பற்றிப் பேச்சில்லை. நாலடியாரோ நேராகவே தீர்ப்புச் சொல்கிறது: வாரி முடித்த கூந்தலும், கரையிட்ட ஆடையின் மடிப்பும், பூசிய மஞ்சளும் அழகல்ல, கல்வி தரும் அழகே அழகு. வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே தகாத செயலுக்கு நாணுவதுதான் நாணம் என்று வரையறுத்துவிட்டு, ஊணும் உடையும் எல்லா உயிர்க்கும் பொது, நாணமே மனிதரின் சிறப்பு என்று அடுத்த குறளில் உடையை அந்தப் பண்பிலிருந்து பிரித்தே வைக்கிறார். புறநானூற்றில் நக்கீரர் பேரரசனையும் உறங்காமல் விலங்கு தேடும் வேடனையும் அருகருகே நிறுத்தி, இருவர் உடுப்பதும் இரண்டு துண்டுகளே என்று காட்டுகிறார். இலக்கணம், அறநூல், சங்கப் பாட்டு என்று மூன்று திசையிலிருந்தும் இப்படி ஒரே குரல் வரும்போது, பண்பாட்டைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு சேலையை அளக்கிறவர்கள் எந்தப் பண்பாட்டைப் படித்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. வகுப்புக்கு நேரத்தோடு வராதவருக்கும், பாடத்தைத் தயாரிக்காமல் வருகிறவருக்கும், சாதி பார்த்துப் பிள்ளையை உட்காரவைப்பவருக்கும்தான் நாணம் வேண்டும். அவர்கள் சேலையிலும் வருகிறார்கள், செருகிய சட்டையிலும் வருகிறார்கள்.

மரபு என்று நாம் நினைப்பது எவ்வளவு பழையது என்பதும் யோசிக்கத்தக்கது. உள்பாவாடையும் ரவிக்கையுமாக இன்று அலுவலகச் சேலை என்று அறியப்படும் கோலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் பரவியது. வங்காளத்தில் அதை முன்னெடுத்தவர்களில் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி முக்கியமானவர். அதே நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல் மகாராஜா வெளியிட்ட பிரகடனம்கூட அவர்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்றுதான் சொன்னது. அன்று மூடியதற்குத் தண்டித்த அதிகாரமும், இன்று இப்படித்தான் மூட வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரமும் உடலை யாருடையதாகக் கருதுகின்றன என்பதில் வேறுபாடு அதிகமில்லை. ஆணின் உடைக்கு இதே கதி நேர்ந்தபோது என்ன நடந்தது? 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்துக்குள் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதி அனுமதிக்கப்படவில்லை. தமிழ்நாடு கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. வேட்டியைக் காரணம் காட்டி உள்ளே விட மறுத்தால் மன்றத்தின் உரிமமே போகும். நல்ல சட்டம்தான். ஆனால் தன் உடையோடு பொது இடத்தில் நுழையும் உரிமை ஒரு நீதிபதிக்கு இத்தனை விரைவாகக் கிடைக்குமென்றால், பள்ளி வாசலில் துப்பட்டாவுக்காக நிறுத்தப்படும் ஆசிரியைக்கு அது ஏன் கிடைக்கவில்லை?

மறுதரப்பு சொல்வதில் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. பெருவாயின் முள்ளியார் ஆசாரக்கோவையில் பெரியோர் ஒற்றை ஆடையோடு அவைக்குள் புகமாட்டார் என்கிறார். அவைக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு, வகுப்பறையும் ஓர் அவைதான். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது ஏழைக்கும் எட்டும் நெறி. மாணவருக்குச் சீருடை வைத்துவிட்டு ஆசிரியருக்கு மட்டும் விதியே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும், விளம்பர வாசகம் பொறித்த பனியனோடு ஒருவர் வகுப்பெடுக்க வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. சீருடை பிள்ளைகளிடையே தெரியும் செல்வ வேற்றுமையை மறைக்க வந்தது. அந்தக் காரணம் ஆசிரியருக்கும் பொருந்துமென்றால் கட்டுப்படுத்த வேண்டியது பட்டுச்சேலையையும் கழுத்து நகையையும். அவற்றை எந்த உத்தரவும் குறிப்பாகத் தொடுவதாகத் தெரியவில்லை. பனியன்காரரைத் தலைமையாசிரியர் தனியறையில் அழைத்துப் பேசிச் சரிசெய்யலாம், அதற்கு மாநிலம் முழுவதுக்குமான அரசாணை தேவையில்லை. சேலை கட்டினால்தான் பிள்ளைகள் மதிப்பார்கள் என்ற வாதத்துக்கு, பேன்ட் போட்ட ஆண் ஆசிரியரை அவர்கள் எப்படி மதிக்கிறார்கள் என்ற ஒரு கேள்வியே போதும்.

இந்த நெறி நமக்கு வசதியான இடத்தில் மட்டும் செல்லுபடியாகக் கூடாது. 2018இல் இலங்கையின் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா என்ற முழுநீள அங்கி அணிந்து வந்ததை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. பாடசாலையின் இந்து மரபைக் காக்கச் சேலைதான் வேண்டும் என்றார்கள். ஆசிரியைகள் இடமாற்றப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு பின்னர் ஆசிரியைகளின் பக்கமே நின்றது. சிங்களப் பெரும்பான்மையின் அளவுகோலால் தம் மொழியும் மதமும் அளக்கப்பட்டதன் வலியை அறிந்த தமிழர், தாம் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு வளாகத்தில் அதே அளவுகோலைக் கையிலெடுத்தது வேதனையானது. சிறுபான்மையாக இருந்தபோது நியாயமாகத் தெரிந்தது, வாசல்கதவின் சாவி கைக்கு வந்ததும் அநியாயமாகத் தெரிகிறதென்றால், அங்கே அறம் பேசவில்லை, இடம்தான் பேசியது. அபாயாவை விரும்பாதவர் அதை அணியாமல் இருக்கலாம். அடுத்தவர் அணிவதைத் தடுக்க அவருக்கு உரிமை கிடையாது. சேலையை விரும்புகிறவரும் இதே வரம்புக்கு உட்பட்டவர்தான்.

சரியாகச் செய்வது அத்தனை கடினமும் அல்ல. ஆசிரியைகளைச் சேலை கட்டும்படி வற்புறுத்தக் கூடாது என்று கேரளம் 2014லேயே உத்தரவிட்டிருந்தது. கல்லூரி நிர்வாகங்கள் அதைப் பொருட்படுத்தாதபோது 2021 நவம்பரில் உயர்கல்வித் துறை மீண்டும் ஒரு சுற்றறிக்கை விட்டது. துறையின் அப்போதைய அமைச்சர் ஆர். பிந்து, தாமும் திருச்சூரில் ஒரு கல்லூரியில் ஆசிரியையாக இருந்தபோது சுடிதார் அணிந்தே பாடம் நடத்தியதாகச் சொன்னார். கொழும்பும் மும்பையும் அசாமின் தலைநகர் திஸ்பூரும் கேரளத்தின் அந்தச் சுற்றறிக்கையைப் படியெடுத்துக்கொண்டு, ஆய்வகத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் வேண்டிய பாதுகாப்பு விதிகளை மட்டும் கீழே சேர்த்தால் போதும். அந்த விதிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஆய்வகத்தில் மேலங்கி கட்டாயம் என்றால், அதை வாங்கும் செலவு ஆசிரியரின் சம்பளத்தில் விழாமல் பள்ளியின் கணக்கில் எழுதப்படட்டும்.