துச்சிலும் புக்கிலும்

தமிழில் வீடு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்பதை நாம் அனைவரும் பள்ளிப் பருவத்திலேயே கற்றோம். மக்கள் குடியிருக்கும் மனையும் வீடு. பற்றனைத்தும் நீங்கிய நிலையும் வீடு. ஒரு சொல்லுக்குள் இவ்விரு பொருளும் அடங்கியிருப்பது வியப்புக்குரியது. உழைத்துச் சேர்த்த பொருளையெல்லாம் கொட்டி நாம் எழுப்புவதும் வீடே. அவற்றையெல்லாம் விட்டபின் நாம் எய்துவதாகப் பெரியோர் கூறுவதும் வீடே.

வள்ளுவப் பெருந்தகை நிலையாமையைக் கூறுமிடத்து இரு அரிய சொற்களை ஆள்கிறார். ஒன்று துச்சில், சிறிது காலம் ஒதுங்கியிருக்கும் இடம். மற்றொன்று புக்கில், புகுந்தபின் மீளவேண்டாத நிலையான இல்லம். உடம்பினுள் துச்சிலிருக்கும் உயிருக்குப் புக்கில் இன்னும் வாய்க்கவில்லையோ என்று அவர் வினவுகிறார். அதே அதிகாரத்தில், குடம்பையைத் தனியே விட்டுப் பறந்துபோகும் பறவையை உயிருக்கு உவமையாக்குகிறார். குடம்பை என்பதற்கு முட்டை என்று பொருள் கொள்வார் பரிமேலழகர். கூடு என்று கொள்வாரும் உளர். இந்த முட்டையைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

துச்சில், புக்கில் என்னும் சொற்கள் புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குத் தத்துவம் மட்டுமல்ல. அன்றாட வாழ்வும் அதுவே. திருவிதாங்கூரின் தலைநகரம் 1795-இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபின், அரண்மனை அலுவலையும் கோயில் பணியையும் வணிகத்தையும் நாடித் தமிழ்க் குடும்பங்கள் பல இந்நகருக்கு வந்தன. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, பூர்வீக ஊர் ஒரு மாநிலத்திலும் பிழைக்கும் ஊர் மற்றொரு மாநிலத்திலுமாக நம்மவர் பலர் நின்றனர். கரமனை நமக்குத் துச்சிலா, புக்கிலா என்னும் கேள்விக்கு நம் பாட்டனார் ஒரு விடையும், தந்தையார் ஒரு விடையும் வைத்திருந்தனர். நம்மிடம் உள்ளது விடை அன்று. வீட்டின் சாவிக்கொத்து மட்டுமே.

கரமனை ஆற்றுக்கு அண்மையில், அடுத்த வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, தெருவிலிருந்து பின்கட்டு வரை ரயில்பெட்டி போல் நீண்டு கிடக்கும் பழைய வீடு நம்முடையது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கிணற்றடி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். ஒரு காலத்தில் பதினான்கு பேர் அங்கே உண்டு உறங்கினர். இன்று நாமும் நம் துணைவியாரும் மட்டுமே. எட்டு அறைகளில் ஆறு பூட்டிக் கிடக்கின்றன. உடன்பிறந்தார் விற்றுவிடலாம் என்கின்றனர். பாட்டனார் கட்டிய வீட்டை விற்பது பாவம் என்று நாம் பல ஆண்டுகளாக மறுத்து வந்தோம். மறுத்தோமேயன்றி, அந்த ஆறு அறைகளைத் திறந்து பார்த்தோமில்லை.

இந்நிலையில் சென்ற கோடையில் மகள் குடும்பத்தைக் காண நாம் கனடா சென்றோம். மானிட்டோபா மாகாணத்தில் வின்னிபெக் ஏரிக்கரைக்கு எம்மை அழைத்துச் செல்வதாக மருமகப்பிள்ளை கூறினார். விடுதி எது என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே கொல்லைப்புறத்தில் நின்ற ஒரு பொருளைக் காட்டினார். பாதி வெண்மையும் பாதி இளநீலமுமாய், இரு சக்கரங்களின்மேல் வைத்த பெரியதொரு முட்டை போல அது இருந்தது. உண்மையிலேயே அந்நாட்டில் அவ்வகை வண்டிகளை ‘முட்டை’ என்றே செல்லமாக அழைக்கின்றனர்.

அதன் வரலாறு சுவையானது. 1968-ஆம் ஆண்டு வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர், சாண்டர் டூசா என்னும் கூட்டாளியோடு சேர்ந்து இதை உருவாக்கினார். அதற்குமுன் அவர் கண்ணாடியிழையால் கழிவுநீர்த் தொட்டி செய்தவர். எடை குறைந்த தொட்டியைச் செய்ய முடியுமாயின் எடை குறைந்த வீட்டையும் செய்யலாமே என்பது அவரது எண்ணம். வட்டத் தொப்பியின் பெயரைத் தழுவி அதற்குப் ‘போலர்’ என்று பெயரிட்டார். நீளம் பதின்மூன்று அடி. எடை ஏறத்தாழ நானூற்றைம்பது கிலோ. சிறிய காரும் இழுத்துச் செல்லும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ‘ஸ்காம்ப்’ என்னும் இதன் உறவு வண்டியும் பிறந்தது. போலர் வண்டிகளின் உற்பத்தி 1980-களோடு நின்றது. ஆயினும் பழையவற்றைத் தேடி வாங்கிப் பேணுவோர் இன்றும் பலர். அதன் ஐம்பதாம் ஆண்டான 2018-இல் அத்தகைய வண்டிகள் நூற்றுக்கணக்கில் வின்னிபெக்கில் கூடின.

அச்சில் கண்ணாடியிழைப் பாய்களை விரித்துப் பிசினை ஊற்றி இறுகச் செய்து, மேற்பாதி ஒன்றும் கீழ்ப்பாதி ஒன்றுமாக வார்த்தெடுத்து, இடுப்பில் இரண்டையும் இணைத்துவிடுகின்றனர். கூரையில் மூட்டு இல்லாமையால் அவ்வழியே ஒழுக்கு இல்லை. மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்திய வண்டிகள் நீர் புகுந்து உளுத்துப் போகும், இது உளுப்பதில்லை. சன்னல் ஓரங்களிலும் தறையாணித் துளைகளிலும் கசிவு வரக்கூடும். அவற்றை அவ்வப்போது அடைக்க வேண்டும். வெயிலில் மேற்பூச்சு மங்கும். தேய்த்து மெருகிட வேண்டும். விரிசல் கண்டால் அவ்விடத்தைச் சுரண்டிப் புதிய இழை வைத்துப் பிசின் பூசினால் போதும். நம் விழிஞ்சம் கடற்கரையில் பைபர் படகுகளை நம்மவர் பழுது பார்ப்பதும் இம்முறையிலேதான். அன்றியும் அந்த வெள்ளை முட்டையைத் தொட்டபோது நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. விழிஞ்சத்துப் படகொன்றைத் தொட்டாற்போலவே இருந்தது.

நான்கு இரவுகள் அதனுள் தங்கினோம். பகலில் உண்ணும் மேசை, இரவில் தாழ்ந்து படுக்கையாகிறது. இருக்கைக்கு அடியில் போர்வைப் பெட்டி. கையகலத் தொட்டி, இரு அடுப்பு, ஒரு சிறிய பனிப்பெட்டி. ஒரு பொருளை எடுக்க மற்றொன்றை நகர்த்த வேண்டும். ஒருவர் எழ மற்றவர் ஒதுங்க வேண்டும். முதல் நாள் அது இடையூறாக இருந்தது. மூன்றாம் நாள் அதுவே பழக்கமாயிற்று. எந்தப் பொருள் எங்கிருக்கிறது என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. பயன்படாத பொருள் ஒன்றும் அங்கே இல்லை.

மூன்றாம் நாள் இரவில், மேற்படுக்கையிலிருந்து பேரன் கேட்டான். “தாத்தா, கரமனை வீட்டிலே எத்தனை ரூம்?”

“எட்டு” என்றோம்.

“எல்லாத்திலேயும் யாரு இருக்கா?”

நாம் விடை கூறவில்லை. அவன் உறங்கிவிட்டான், நாம் உறங்கவில்லை.

உடைமை என்பது யாது? நம் பெயரில் பத்திரம் இருப்பது உடைமையாகுமா? வள்ளுவர் அன்புடைமை, அடக்கமுடைமை, பொறையுடைமை, அருளுடைமை, பண்புடைமை என்று பல அதிகாரங்களுக்குப் பெயர் தந்தார். வீடுடைமை என்று ஓர் அதிகாரம் இல்லை. ஒருவனோடு ஒன்றி, அவன் செயலில் வெளிப்படுவதையே அவர் உடைமை எனக் கருதினார் போலும். அவ்வாறாயின், எட்டு ஆண்டுகளாக நாம் கால் வைக்காத அறை நமக்கு எவ்வகையில் உடைமை? மருமகப்பிள்ளை தம் வண்டியின் ஒவ்வோர் ஆணியையும் அறிவார். எங்கே கசிந்தது, எப்போது அடைத்தார், எந்தச் சக்கரத்தின் தாங்கிக்கு மசகு இட்டார் என்பதெல்லாம் அவர் நாவில் இருந்தன. நாமோ நம் இரண்டாங்கட்டு உத்திரத்தைக் கரையான் தின்பதையும் அறியோம்.

இயங்கும் இல்லம் தமிழருக்குப் புதியதன்று. சங்க காலத்து உமணர், உப்பு வண்டியையே இல்லமாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். அவ்வண்டியில் கோழிக்கும் இடம் இருந்தது; காடிக் கலம் தொங்கியது; பிள்ளையை வைத்துக்கொண்டே மனைவி எருதுகளை ஓட்டினாள் என்று பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. மேடும் பள்ளமும் உள்ள வழியில் அச்சு முறியக்கூடும் என்று, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் அவர்கள் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். அதனைச் சேம அச்சு என்பர். இடம் குறைந்த வண்டியிலும் உமணர் சேம அச்சுக்கு இடம் ஒதுக்கினர். எதை விடலாம், எதை விடலாகாது என்னும் அறிவே சிறிய வீடு கற்பிக்கும் பாடம்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சிறுமையின் அழகைப் போற்றுவது பெரிய வீடு உடையவர்க்கு எளிது. நம் நகரிலேயே பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்தாறு பேர் வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களும் இரவில் மேசையை ஒதுக்கிப் பாய் விரிக்கின்றனர். ஆனால் நான்கு இரவுகள் கழிந்ததும் திரும்பிச் செல்ல அவர்களுக்கு வேறு வீடு இல்லை. ஏரிக்கரையில் நின்ற முட்டைக்குப் பின்னால் நகரத்தில் ஒரு வீடும், முன்னால் ஒரு காரும் இருந்தன. விரும்பி ஏற்ற எளிமை வேறு. வந்து கவிந்த வறுமை வேறு. முன்னதைப் பாராட்டி, பின்னதை மறப்போமாயின் நம் தத்துவம் பொழுதுபோக்காகவே முடியும். ஆதலின், ‘நமக்கு எவ்வளவு போதும்?’ என்று கேட்டபின், ‘எஞ்சியதை என்ன செய்தோம்?’ என்றும் கேட்டாக வேண்டும். இரண்டாம் கேள்வியைக் கேட்காதவன் முதற் கேள்வியைக் கேட்டதில் பயனில்லை.

கரமனைக்குத் திரும்பியதும் ஆறு அறைகளையும் திறந்தோம். ஒரு வாரம் தூசு தட்டினோம். பிடியற்ற குடைகள், யாருடையவென்று அறியாத மூக்குக் கண்ணாடிகள், ஓடாத மூன்று கடிகாரங்கள். இவற்றுக்காகவா பாட்டனார் பெயரால் உடன்பிறந்தாரோடு வழக்காடினோம் என்று நாணினோம். கரையான் தின்ற உத்திரத்தை மாற்றினோம். பிறகு உடன்பிறந்தாரை அழைத்து, “விற்பதானால் விற்போம், அதுவரையில் இவ்வறைகள் வெறுமனே கிடக்க வேண்டா” என்றோம். அவர்களும் இசைந்தனர்.

1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கும் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து நோயாளிகள் இன்றும் வருகின்றனர். மருத்துவம் வாரக்கணக்கில் நீளும்; உடன் வந்தவர் தங்க இடமின்றி அல்லலுறுவர். அத்தகைய இரு குடும்பங்கள் இப்போது நம் வீட்டின் பின்கட்டில் தங்கியிருக்கின்றன. வாடகை வாங்குவதில்லை. அடுக்களை பொது. காலையில் ஒருவர் எழ மற்றவர் ஒதுங்க வேண்டியிருக்கிறது. ஏரிக்கரையில் கற்ற பழக்கம் உதவுகிறது.

நேற்று அவர்களுள் மூத்த அம்மையார், “ஐயா, இது எங்களுக்கு ரெண்டு மாசத்து வீடு, உங்களுக்குச் சொந்த வீடு” என்றார். நாம் தலையசைத்தோம். ஆனால் மனத்துள் எண்ணியது வேறு. அவருக்கு இரண்டு திங்கள். நமக்கு இன்னும் சில ஆண்டுகள். அளவில்தான் வேற்றுமை, இருவருக்கும் இது துச்சிலே. மனத்தில் முன்பு இருந்த அச்சம் இப்போது இல்லை. பறவை போனபின் ஓடு வெறுமையாய்க் கிடப்பது இயற்கை. பறவை இருக்கும்போதே அது வெறுமையாய்க் கிடப்பதன்றோ குறை?

இம்மலரைக் கையிலேந்தும் அன்பர்கள் பலருக்கும் எங்கேனும் ஓர் ஊரில் பூட்டிய அறை ஒன்று இருக்கும். அதன் சாவியைத் தேடி எடுத்து, ஒருமுறை திறந்து பார்க்குமாறு வேண்டுகிறோம். விற்பதும் காப்பதும் அவரவர் விருப்பம். திறப்பது நம் அனைவர்க்கும் கடன்.