நிலத்தில் சகோதரியின் ஹக்கு



அத்தா மவுத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதியாகிவிடுகிறது. ஆனால் வயல் மட்டும் பங்கு வைக்கப்படாமலே கிடக்கிறது. அறந்தாங்கி, மீமிசல், கோட்டைப்பட்டினம் என்று நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் இதைக் காணாதவர் யார்? மூத்தவர் உழுது பலன் எடுப்பார். இளையவர் வெளிநாட்டில் இருப்பார். சகோதரி வாய் திறந்தால், "நகை போட்டு, சீர் செய்து கட்டிக் கொடுத்தோமே, இன்னும் என்ன பங்கு?" என்பார்கள். சீர் என்பது நாம் கொடுத்தது. பங்கு என்பது அல்லாஹ் கொடுத்தது. நாம் கொடுத்ததைக் காட்டி அவன் கொடுத்ததைப் பறிக்கலாமா?

பெற்றோர் விட்டுச் சென்றது கொஞ்சமானாலும் அதிகமானாலும் ஆணுக்கும் பங்குண்டு, பெண்ணுக்கும் பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயம் 7-வது ஆயத்தின் கருத்து. உஹதுப் போரில் ஷஹீதான ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். விதவை தம் இரு பெண்மக்களுடன் வந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். பாகப்பிரிவினை ஆயத்து இறங்கியது. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதிதான் சகோதரருக்கு என்று தீர்ப்பாயிற்று.

கணக்கும் கடினமானதல்ல. அடக்கச் செலவு, கடன், கொடுபடாத மஹர், மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத்து ஆகியவை போக 4 ஏக்கர் மிஞ்சியது என்போம். வாரிசுகள் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 50 செண்ட். மீதி 350 செண்டில் மகன்களுக்குத் தலைக்கு 140, மகளுக்கு 70. அந்த எழுபது செண்டை மறைப்பதற்காகவா ஆகிரத்தை இழப்பது?

"நஞ்சை புஞ்சைக்கு ஷரீஅத் சட்டம் செல்லாது" என்று சொல்வோரும் உண்டு. 1937-ம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்தது உண்மையே. ஆனால் 1949-ல் வந்த சென்னை மாகாணத் திருத்தச் சட்டம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. இன்று அந்தச் சாக்கும் இல்லை.

பத்திரமும் சாட்சியும் இல்லாத பழைய சொத்தானால் என்ன செய்வது? அப்படிப்பட்ட வாரிசுச் சொத்துக்காக இருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வழக்காடி வந்தனர். வாதத் திறமையால் ஒருவர் தம் சகோதரரின் ஹக்கைப் பெற்றுக்கொண்டால், அவர் பெறுவது நெருப்புத் துண்டு என்று எச்சரித்தார்கள். இருவரும் அழுதுவிட்டனர். "என் ஹக்கு அவருக்கே" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அப்போது, நியாயத்தை நாடிப் பங்கு வையுங்கள், சீட்டுப் போட்டு எடுங்கள், ஒருவரையொருவர் ஹலாலாக்கிக் கொள்ளுங்கள் என்று பணித்தார்கள்.

நமக்கும் இதுவே வழி. ஒரு ஆலிமையும் ஜமாஅத்துப் பெரியவர்களையும் வைத்துப் பங்கைக் கணக்கிடுவோம். சர்வேயரைக் கொண்டு அளப்போம். வரப்போரம், கிணற்றடி எது யாருக்கு என்பதைச் சீட்டுக்கு விடுவோம். பத்திரத்தை ரிஜிஸ்தர் செய்து பட்டாவையும் மாற்றுவோம். சகோதரி விட்டுக்கொடுக்க விரும்பினால், முதலில் தம் பங்கு எவ்வளவு என்று அறிந்து, மனமுவந்து விடட்டும். வெட்கத்தால் வைத்த கையெழுத்து விட்டுக்கொடுத்ததாகாது. கோர்ட்டில் ஜெயித்தாலும் ஹராம் ஹலாலாகிவிடாது.

அடுத்த நடவுக்கு முன் சகோதரியின் பங்கை அளந்து கொடுத்துவிடுவோம். அல்லாஹ் அதற்கு நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.