மேய்கின்ற குதிரை தலை நிமிரும்போது

பரளச்சியைச் சுற்றித் திருச்சுழி வரையிலும் அருப்புக்கோட்டை வரையிலும் விரிந்து கிடக்கும் வறண்ட வெளியில் வளரும் ஒரு பிள்ளைக்குக் குதிரை என்றதும் நினைவுக்கு வருவது, பெரும்பாலும் ஐயனார் கோயில் முன்னே கண்விழித்து நிற்கும் மண்குதிரைதான். அந்தப் பிள்ளை வளர்ந்து, ஒரு காமிராவும் வாங்கிக்கொண்டு, உயிருள்ள குதிரைகள் கடிவாளமின்றி, லாடமின்றி, எஜமானனின்றித் தம் குடும்பத்தோடு திரிவதைக் காண ஆசைப்பட்டால், மஸ்டாங் குதிரைகளுக்குப் பேர்போன அமெரிக்காவின் நெவாடா மாகாணத்துக்குப் போகவேண்டியதில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில் அவை உண்டு; யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் நெடுந்தீவிலும் உண்டு; அஸ்ஸாமின் திப்ரு-சைகோவா தேசியப் பூங்காவிலும் உண்டு. ஆசை நியாயமானதே. அது எந்த இடத்தில் அநியாயமாக மாறுகிறது என்னும் கேள்விதான் எளிதில் தீராதது.

இவை ஆதிமுதல் காட்டில் வாழ்ந்தவை அல்ல. மனிதன் கொண்டுவந்து, வேலை வாங்கி, வேண்டாதபோது விட்டுவிட்டவற்றின் சந்ததிகள். நெடுந்தீவில் போர்ச்சுகீசியர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் குதிரைகள் வளர்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். திப்ரு-சைகோவாவின் குதிரைகள் இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ முகாமில் இருந்தவற்றின் வழிவந்தவை என்பர். மஸ்டாங் குதிரைகளோ ஸ்பானியர் கொண்டுவந்தவற்றில் தொடங்கிப் பல கலப்புக்கு உள்ளான வமிசம். கைவிடப்பட்டபின் இவை சிதறி அழிந்துபோகாமல், மனிதன் கற்பிக்காத ஒரு குடும்ப ஒழுங்கைத் தாமே மீட்டுக்கொண்டன என்பதுதான் ஆச்சரியம். ஓர் ஆண்குதிரை, சில பெண்குதிரைகள், அவற்றின் குட்டிகள் என்று ஒரு குழு. பெண்குதிரைகளுக்குள் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் தோழமையே அக்குழுவைப் பிணைத்து வைக்கிறது. பல சமயம் வயது முதிர்ந்த ஒரு பெண்குதிரை முன்னே நடக்க, ஆண்குதிரை பின்னே காவலாக வருகிறது. இரண்டு மூன்று வயதான ஆண்குட்டிகள் தாய்க்குழுவை விட்டு நீங்கித் தம் வயதொத்தவற்றோடு தனிக்கூட்டமாகத் திரிகின்றன. பெண்குட்டிகளும் பருவம் வந்ததும் வேறு குழுவைத் தேடிப் போகின்றன. இத்தனையும், அசையாமல் உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த சிலருடைய பொறுமையினால்தான் உலகுக்குத் தெரியவந்தது. ஆகையால் பார்ப்பதே தவறு என்று சொல்ல எவருக்கும் வாய் எழாது.

ஆனால் பார்க்கப்படும் ஜீவனுக்கு அந்தப் பார்வையினால் ஒரு செலவு உண்டு. அது எவ்வளவு என்பது குதிரையின் உடற்கூற்றை அறிந்தவருக்கே விளங்கும். மாடு புல்லை அவசரமாக விழுங்கிவிட்டு, நிழல் கண்ட இடத்தில் படுத்து அசைபோட்டுக்கொள்ளும். குதிரைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அதன் இரைப்பை சிறியது. நார்ப்பொருள் செரிப்பது பெருங்குடலில். ஆதலால் ஒரு நாளில் பாதிக்குமேல், புல் மோசமான காலத்தில் 16 மணி நேரம்கூட, அது மேய்ந்துகொண்டே இருக்கவேண்டும். ஈரமுள்ள நாட்டில் ஒரு மணி நேர மேய்ச்சல் தவறினால் அடுத்த மணி நேரத்தில் ஈடு செய்துகொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பியிருக்கும் நெடுந்தீவிலோ, கோடை முற்றி, புல் கருகி, கிணறுகள் உவர்த்துப்போன மாதங்களில் குதிரைகள் மடிந்து விழுவது பழங்கதையன்று. மழையைக் கணக்குப் பார்த்தே வாழும் கரிசல் காட்டு மனிதனுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம்: வறண்ட நிலத்தில் பொழுது என்பதே தீவனம், தண்ணீருக்குப் போகும் வழியில் தடுத்து நிறுத்தப்படுவது, அங்கே, உயிரில் ஒரு பங்கைப் பறிகொடுப்பது.

இந்த அறிவோடு, நாம் வியந்து பாராட்டும் குதிரைப் படங்களை ஒருமுறை திரும்பப் பார்க்கவேண்டும். தலை நிமிர்ந்து, இரண்டு காதுகளும் முன்னோக்கிக் குவிய, காற்றில் பிடரி மயிர் அலைய, குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டி நிற்க, குடும்பம் முழுவதும் ஒரே திசையில், அதாவது நம்மையே நோக்கி நிற்கும் படந்தான் பரிசு பெறுகிறது. அதைத்தான் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். எந்த லட்சணத்தை நாம் கம்பீரம் என்று புகழ்கிறோமோ, அது அந்தப் பிராணிகள் மேய்வதை நிறுத்திவிட்டு, ஓடலாமா நிற்கலாமா என்று தம் குட்டிகளை முன்னிட்டு யோசித்துக்கொண்டிருக்கும் கலக்கத்தின் வடிவமே என்பதைப் பார்ப்பவர் அறிவதில்லை, எடுத்தவர் சொல்வதும் இல்லை. அப்படிப்பட்ட படம் ஒரு நல்ல தருணத்தின் பதிவு என்பதைவிட, ஒரு தருணம் கெடுக்கப்பட்டதன் அத்தாட்சி என்பதே பொருந்தும். ஒருவர் ஒருமுறை இப்படிச் செய்தால் நஷ்டம் அற்பந்தான். காலையில் ஒருவர், உச்சிப்பொழுதில் ஒரு குழுவினர், மாலை வெளிச்சத்துக்காக இன்னும் நால்வர் என்று வரும்போது, ஒவ்வொருவரும் தாம் எடுத்தது அற்பம் என்றே நம்பித் திரும்புகிறார்கள். குதிரை மட்டும் அத்தனையையும் கூட்டிச் சுமக்கிறது.

வெளிநாடுகளில் இதற்கு அடிக்கணக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அஸ்ஸாட்டீக் தீவில் 40 அடி, கரோலாவில் 50 அடி, மேற்கே பிரையர் மலையில் 100 அடி தள்ளி நிற்கவேண்டும் என்பது விதி. விதி அவசியமே, ஆனால் மூன்று இடத்தில் மூன்று எண்கள் இருப்பதே, சரியான தூரத்தை அளவுக்கயிறு தீர்மானிக்க முடியாது என்பதைக் காட்டிவிடுகிறது. குட்டி ஈன்று சில மணி நேரமே ஆன பெண்குதிரைக்கு 100 அடியும் போதாது. குதிரை மேய்வதை நிறுத்தினால் அது எல்லை. நகரத் தொடங்கினால் எல்லை மீறப்பட்டாயிற்று. ஆகாயத்திலிருந்து இரைந்துகொண்டு இறங்கும் ட்ரோனுக்கோ எந்தத் தூரமும் நியாயமாகாது என்றே தோன்றுகிறது. மஸ்டாங் குதிரைகளை ஹெலிகாப்டரைக் கொண்டு விரட்டிப் பிடிக்கும் வழக்கத்தைக் கண்டித்துக்கொண்டே அவற்றின்மீது ட்ரோனைப் பறக்கவிடுகிறவர், தம் மனச்சாட்சிக்கு எப்படிப் பதில் சொல்வார்?

அச்சுறுத்துவதைவிடக் கொடியது பழக்கிவிடுவது. அஸ்ஸாட்டீக் தீவில் பயணிகள் தின்பண்டம் நீட்டி நீட்டிப் பழக்கியதால் சாலையோரத்துக்கு வந்த குதிரைகள் மோட்டார் வண்டிகளில் அடிபட்டிருக்கின்றன. 2020ஆம் ஆண்டு கரோலாவில் யாரோ அன்போடு ஊட்டிய ஓர் ஆப்பிள் தொண்டையில் அடைத்து ஓர் இளங்குதிரை செத்தது. கிட்டத்தில் படம் எடுக்கவேண்டும் என்பதற்காக ஒரு குதிரையின் பயத்தைப் போக்குகிறவர், தமக்காக மட்டும் அதைப் போக்கிவிட முடியாது. பயம் போனால் வண்டியிடம் உள்ள பயமும், கல்லெறிபவனிடமும் கயிறு வீசுபவனிடமும் உள்ள பயமும் சேர்ந்தே போகின்றன.

இவ்வளவும் சொன்னபின் எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதற்குரிய மரியாதையோடு கேட்கவேண்டும், அது பலமானது. நெவாடாவில் வெல்மா ஜான்ஸ்டன் என்னும் பெண்மணி, 1950இல் சாலையில் தம் முன்னே சென்ற ஒரு லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைக் கண்டு பின்தொடர்ந்து, குதிரைகள் விரட்டிப் பிடிக்கப்பட்டுச் செல்லப்பிராணித் தீவனத் தொழிற்சாலைக்குப் போவதை அறிந்தார். அந்தக் கொடுமையைப் படங்களாகத் திரட்டி ஜனங்களுக்கும் சட்டசபைக்கும் காட்டினார். 1959இல் விமானத்தையும் மோட்டார் வண்டியையும் கொண்டு குதிரைகளை வேட்டையாடுவது தடுக்கப்பட்டது. பள்ளிச் சிறுவர்கள் எழுதிய கடிதங்கள் குவிய, 1971இல் அக்குதிரைகளைக் காக்கும் மத்தியச் சட்டம் பிறந்தது. பின்னாளில் ஜின்ஜர் கத்ரென்ஸ் என்பவர் பிரையர் மலையில் 1995இல் பிறந்த ஒரு வெளிர்நிறக் குட்டியை ஆண்டுக்கணக்கில் படம்பிடித்து, ஒரு குதிரைக்கும் வாழ்க்கைச் சரித்திரம் உண்டு என்று ஏராளமானோருக்குப் புலப்படுத்தினார். பார்க்காததன்மீது ஜனங்களுக்குக் கருணை பிறப்பது அரிது. காமிரா இல்லாவிட்டால் இந்தக் கருணை இல்லை. இதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வெல்மா ஜான்ஸ்டனின் புண்ணியம் காமிரா பிடித்த கைகளுக்கெல்லாம் பங்குபோட்டுக் கொடுக்கத்தக்கது அன்று. எந்த ஜீவனின் பொழுதைக் கெடுத்து ஒரு படம் எடுக்கப்பட்டதோ, அந்த ஜீவனுக்கு அந்தப் படத்தினால் என்ன நடந்தது என்று ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே கேட்டாகவேண்டும். பெரும்பாலானவற்றுக்குப் பதில் இராது.

கோடியக்கரைக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. அந்தச் சரணாலயம் 1967இல் ஏற்பட்டது வெளிமான்களுக்காக. மட்டக்குதிரைகள் அதே புல்வெளியில் அதே புல்லைத்தான் மேய்கின்றன. போதாததற்குச் சீமைக்கருவேலங் காய்களைத் தின்று, விதைகளைச் சாணத்தோடு பரப்பி, புல்வெளி முட்காடாவதற்கும் அவை துணைபோகின்றன. அந்த மரம் ஒரு நிலத்தை என்ன செய்யும் என்பதற்குத் திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய்களைப் பார்த்தவருக்கு வேறு சாட்சி வேண்டாம். அந்தி வெளிச்சத்தில் குட்டியோடு நிற்கும் குதிரையின் அழகிய படம் வெளிமானின் கஷ்டத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. பார்ப்பவர்களின் இரக்கத்தை எல்லாம் ஒரு பக்கமே சாய்த்துவிடுகிறது. குதிரையை வெறுக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. அதை அங்கே விட்டது மனிதனே. ஆனால் படத்துக்கும் சத்தியம் என்று ஒன்று உண்டு. நம் நாட்டில் காட்டு விலங்குகளைப் படமெடுத்த முன்னோடிகளில் ஒருவரான மா. கிருஷ்ணன் (1912–1996), கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே, ஒரு பிராணியின் அழகைவிட அதன் சுபாவமும் அது வாழும் சூழலும் விளங்குவதையே பெரிதாக மதித்தார். அந்தக் கண்ணோட்டத்தோடு கோடியக்கரைக்குப் போகிறவர், குதிரையையும் மானையும் முட்செடியையும் ஒரே படத்துக்குள் கொண்டுவரப் பிரயாசைப்படுவார். அந்தப் படத்துக்குப் பரிசு கிடைக்காமல் போகலாம். அதுவே நேர்மையான படம்.

குதிரைமேல் ஆசை கொண்டு குதிரையைக் கெடுத்தது இந்நாட்டுக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் கடந்து வரவழைத்ததையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மாண்டதையும் எழுதிவைத்திருக்கிறார். பொருளுக்கும் ஆசைக்கும் குறைவில்லை. குதிரைக்கு என்ன வேண்டும் என்ற அறிவுதான் இல்லை. அந்த அறிவு ஏட்டுப் படிப்பால் வருவதும் அன்று. கரிசல் காட்டில் கிடை போடும் கீதாரிக்கு, ஈன்ற ஆட்டை அந்நியர் சூழ்ந்துகொண்டால் அது குட்டியை ஏற்காமல் ஒதுக்கிவிடக்கூடும் என்பது தெரியும். அவர் தள்ளி உட்கார்ந்துகொள்வார். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டிருக்கிறார்கள். ஒரு பண்டிகையின் சந்தோஷத்தையே விட்டுக்கொடுத்தவர்கள் வாழும் சீமையிலிருந்து போகிறவர், ஒரு படத்தை விட்டுக்கொடுக்கத் தயங்குவது தகாது.

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமான ஒரு நிலை இருக்கிறது. கடுங்கோடையில் நெடுந்தீவில், வற்றிய கிணற்றருகே எழமுடியாமல் கிடக்கும் ஒரு குட்டியையும், அதைவிட்டு நகராத தாயையும் ஒருவர் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் எடுப்பதா, காமிராவைக் கீழே வைப்பதா? தொலைவில் நின்று ஓரிரு படங்கள் எடுப்பதில் குற்றமில்லை. அந்த நிலை ஊரறிய வேண்டியதே. ஆனால் அந்தப் படங்கள் முதலில் போய்ச்சேர வேண்டியது, நாளும் இடமும் குறிக்கப்பட்டு, 2015 முதல் அங்கே தேசியப் பூங்காவைப் பொறுப்பில் வைத்திருக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும், தண்ணீர் கொண்டுவரக்கூடிய தீவு மக்களுக்குமே; கண்காட்சியும் பாராட்டும் பிறகு வரட்டும். தண்ணீர் கிடைத்தால் அதைக் கையால் நீட்டாமல், அருகிலுள்ள தொட்டியில் ஊற்றச் செய்து, எல்லோரும் விலகிவிடவேண்டும். தொட்டி நிரம்பியபின், தாகத்தோடு வரப்போகும் குடும்பத்தை எதிர்பார்த்து அவர் லென்ஸோடு அங்கேயே பதுங்கியிருப்பாரானால், ஊற்றிய தண்ணீர் உதவி என்ற பெயரை இழந்து, வேடன் வைத்த இரை ஆகிவிடுகிறது. அன்று அவர் கரைக்குத் திரும்பும் படகைப் பிடிப்பதே நல்லது.